ஒன்ராறியோ ஏரியில் அலைச்சறுக்கு: முதல் வெட்சூட்டாக எதை வாங்கலாம்?

ஒன்ராறியோ ஏரியில் நல்ல வெயிலும் நல்ல அலையும் ஒரே நாளில் கிடைப்பது அரிது. வெட்சூட் (குளிர்நீரில் உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடுப்பு) வாங்கும் முடிவே இதைச் சுற்றித்தான் நிற்கிறது. ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் இருக்கிறவர்களுக்கு அலையடிக்கும் கரை காரில் அரை மணி நேரத்துக்குள். பலகையை இரவல் வாங்கிவிடலாம். வெட்சூட் அப்படியில்லை, உடம்புக்கு அளவாக இருக்க வேண்டும். கடைக்குப் போனதும் முதலில் கண்ணில் படுவது 3/2 (நெஞ்சில் 3, கைகால்களில் 2 மில்லிமீற்றர்) என்ற மெல்லிய கோடை வெட்சூட். விலையும் குறைவு. புதிதாகப் பழகுகிறவருக்கு அதுவே போதும் என்று தோன்றும். இந்த ஏரிக்கு அது போதாது.

காரணம் அலை பிறக்கும் விதத்தில் இருக்கிறது. கடலில் கரைக்கு வரும் அலை ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் அடித்த புயலில் பிறந்திருக்கலாம். காற்றே இல்லாத காலையிலும் அது வந்து சேரும். ஏரியில் அதே நீரின் மேல் வீசும் காற்றுதான் அலையை எழுப்புகிறது. ஒன்ராறியோ ஏரி கிழக்கு மேற்காக 311 கிலோமீற்றர் நீளமானது. கிழக்குக் காற்று அந்த நீளத்தைத் தாண்டி ஓடி வரும்போதுதான் ரொறன்ரோக் கரையிலுள்ள புளஃபர்ஸ் பார்க்கிலும் ஆஷ்பிரிட்ஜஸ் பேயிலும் பலகையில் ஏறக்கூடிய அலை எழும். அந்தக் காற்றைக் கொண்டுவரும் தாழமுக்கங்கள் செப்ரெம்பர் முதல் ஏப்ரல் வரைதான் அடிக்கடியும் வலுவாகவும் வருகின்றன. ஜூலையிலும் ஓகஸ்டிலும் ஏரி பெரும்பாலும் அசையாமல் கிடக்கும்.

அறுகம் குடாவிலோ, சென்னைக்குத் தெற்கே கோவளத்திலோ பழகிவிட்டு வருகிறவர்களுக்கு இது புது உலகம். அங்கே நீர் 27, 28 பாகை செல்சியஸ். வெயிலுக்கும் உராய்வுக்கும் ஒரு மெல்லிய லைக்ரா மேலாடை போதும். இங்கே நீங்கள் எத்தனை நிமிடம் நீரில் நிற்கலாம், கை எவ்வளவு நேரம் சொன்னதைக் கேட்கும் என்பதை வெட்சூட்தான் தீர்மானிக்கிறது.

சரி, நீர் எவ்வளவு குளிர்? ரொறன்ரோக் கரையை ஒட்டி, தோராயமாகச் சொன்னால் இப்படி. ஓகஸ்டில் 20 முதல் 23 பாகை. செப்ரெம்பரில் 17 முதல் 20. ஒக்ரோபரில் 11 முதல் 15. நவம்பரில் 7 முதல் 10. டிசம்பரில் 4 முதல் 6. ஜனவரியிலிருந்து மார்ச் வரை 1 முதல் 4. ஏப்ரலில் 3 முதல் 5. மே மாதத்தில் 5 முதல் 9. ஜூனில் 10 முதல் 15. இந்த வரிசையில் மே மாதத்தை மட்டும் மறுபடி பாருங்கள். விக்ரோரியா தின நீண்ட வார இறுதியில் வெளியே 20 பாகை வெயில் இருக்கும், பூங்காவில் பார்பெக்யூ புகையும். நீரோ நவம்பர் முடிவில் இருந்த குளிரில் இருக்கும். ஏரி காற்றைவிட மெதுவாகச் சூடேறி, மெதுவாக ஆறுகிறது. வெளிக் காலநிலையைப் பார்த்து வெட்சூட்டைத் தெரிவுசெய்கிறவர்கள் ஒக்ரோபரில் தேவைக்கு மேல் தடிப்பாகவும் மே மாதத்தில் ஆபத்தான அளவுக்கு மெல்லியதாகவும் போட்டுக்கொண்டு இறங்குவார்கள்.

நன்னீர் 4 பாகையில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதனால் இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கீழே இறங்க, கீழ்நீர் மேலே வர, முழு ஏரியும் அந்த 4 பாகையை நோக்கி ஆறிய பிறகுதான் மேற்பரப்பு அதற்கும் கீழே போகத் தொடங்குகிறது. ஒன்ராறியோ ஏரியின் மிக ஆழமான இடம் 244 மீற்றர். அவ்வளவு நீரும் ஆறுவதற்குக் குளிர்காலத்தின் பெரும்பகுதி போய்விடும். அதனால் இந்த ஏரி முழுவதுமாக உறைவது மிக அரிது, பெப்ரவரியிலும் அலை கிடைக்கிறது. பக்கத்திலுள்ள ஈரி ஏரியின் சராசரி ஆழம் 19 மீற்றர்தான். கோடையில் நன்றாகச் சூடேறும், குளிர்காலத்தில் பெரும்பகுதி உறைந்துபோகும்.

இன்னொரு விஷயம் கோடையிலும் ஆளைக் கவிழ்க்கும். பூமி சுழல்வதால், வடக்கு அரைக்கோளத்தில் மேற்பரப்பு நீர் காற்று போகும் திசைக்கு வலப்பக்கமாக ஒதுங்கும். மேற்குக் காற்று ஒரு நாள், இரண்டு நாள் விடாமல் வீசினால் ரொறன்ரோப் பக்கத்துச் சூடான மேல்நீர் தெற்கே விலகிப் போய், அந்த இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்நீர் ஏறி வரும். நேற்று 20 பாகையில் இருந்த நீர் இன்று 10 பாகைக்குக் கீழே போகக்கூடும். கிழக்குக் காற்று இதற்கு நேர் மாறாகச் சூடான நீரை வடக்குக் கரையில் கொண்டுவந்து குவிக்கிறது. அலையைக் கொண்டுவரும் காற்றே இதமான நீரையும் கொண்டுவருவது நமக்கு நல்லதுதான். ஆனால் தாழமுக்கம் கடந்து போனதும் காற்று மேற்குக்கும் வடமேற்குக்கும் திரும்பும். முறுகிக் கிடந்த அலைகள் அப்போது சீராகும், எல்லோரும் ஆவலோடு இறங்குவதும் அந்த நேரத்தில்தான். நீர் குளிரத் தொடங்குவதும் அதன் பிறகுதான். ஆகவே ஜூனிலும் செப்ரெம்பரிலும் முந்தைய நாள் போட்டதையே இன்றும் போடலாம் என்று எண்ண வேண்டாம்.

வெட்சூட்டில் எழுதியிருக்கும் எண்கள் மில்லிமீற்றர் தடிப்பு. 5/4 என்றால் நெஞ்சும் முதுகும் 5, கையும் கால்களும் 4. உள்ளே புகுந்த நீரை உடம்பு சூடாக்கி, அந்தச் சூடான நீர்தான் நம்மைக் காக்கிறது என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் காப்பது நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர் நுரைக்குள் அடைபட்டிருக்கும் வாயுக் குமிழிகள். கலிபோர்னியாவில் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் 1952 வாக்கில் வெட்சூட்டை வடிவமைத்தபோது கண்டுகொண்டது இதைத்தான்: உடம்பு நனையலாம், நுரை வெப்பத்தைப் பிடித்து வைத்திருந்தால் போதும். உள்ளே வந்த நீர் அங்கேயே தங்கினால் பெரிய கேடில்லை. வெளியே போய்ப் புது நீர் வந்துகொண்டே இருந்தால் எவ்வளவு தடிப்பான வெட்சூட்டும் உதவாது.

இனித் தெரிவுகள். 3/2 வெட்சூட் 17 பாகைக்கு மேல்தான் பொருந்தும். இந்த ஏரியில் அது ஓகஸ்டும் செப்ரெம்பரின் முற்பகுதியும். அலை குறைந்த மாதங்களுக்கான உடுப்பு என்பதால், துடுப்புப் பலகைக்கும் நீச்சலுக்கும் வாங்குங்கள், அலைச்சறுக்குக்கு முதலாவதாக வாங்காதீர்கள்.

4/3 வெட்சூட் 12 முதல் 16 பாகைக்கு. செப்ரெம்பர் கடைசியிலிருந்து ஒக்ரோபர் முடியும் வரை அருமையாக இருக்கும், தோள் சுலபமாகச் சுழலும். பலர் இதைத்தான் எல்லாப் பருவத்துக்கும் பொதுவானது என்று சொல்லி விற்கிறார்கள். கலிபோர்னியாக் கடற்கரையில் அது சரியாக இருக்கலாம். ரொறன்ரோவில் அதற்குக் கிடைப்பது இலையுதிர் காலத்தில் ஆறேழு வாரமும் ஜூன் மாதமும்தான்.

தலையுறை சேர்ந்த 5/4, சில நிறுவனங்களில் 5.5/4.5 என்று வரும், 6 முதல் 11 பாகைக்கு. நவம்பர் முழுவதும், டிசம்பர் தொடக்கம், மே மாதத்தின் பெரும்பகுதி இதற்குள் அடங்கும். பெரிய தாழமுக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் நவம்பர்தான் இந்த ஏரிகளின் உச்ச காலம். ஒக்ரோபரில் தலையுறையைப் பின்னால் தள்ளிவிட்டுப் போடலாம், கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். ஏப்ரலில் 4 பாகை நீரிலும் அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ஒரே ஒரு வெட்சூட்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். என் உறுதியான கருத்து இதுதான்.

6/5 அல்லது 6/5/4 என்பது 5 பாகைக்குக் கீழே, டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை. ஜனவரியில் இறங்குகிறவர்களுக்கு இது இல்லாமல் முடியாது. ஆனால் முதல் வருடத்தில் பனிக்காலத்தில் இறங்குவது நல்லதல்ல. பலகையில் எழும்பவே பழகாத ஒருவர் அலைக்குள் விழுந்து எழும்பிக்கொண்டே இருப்பார், அந்த நீரில் அது உடம்பை மிக வேகமாகச் சோர வைக்கும். தடித்த நியோபிரீனுக்குள் கையால் நீரை வலிப்பதும் கடினம், தோள் சீக்கிரம் களைத்துவிடும்.

அனுபவசாலிகளில் ஒரு பகுதியினர் 5/4 வேண்டாம், 4/3 ஒன்றும் 6/5 ஒன்றும் வாங்கு என்பார்கள். எப்படியும் இரண்டு தேவைப்படும், நடுவில் ஒன்றுக்குக் காசு செலவழிப்பானேன் என்பது அவர்களின் வாதம். இதில் நியாயம் இருக்கிறது. மெலிந்த உடம்புக்காரர்களும் சீக்கிரம் விறைத்துப்போகிறவர்களும் 8 பாகையிலேயே 6/5 போட்டுக்கொண்டு நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் மற்றவர்களுக்கு, வருடத்தின் மிகச் சிறந்த மாதத்தில் ஒன்று குளிரும், மற்றது இறுக்கும். அதோடு இரண்டையும் ஒரே தடவையில் வாங்க ஆயிரம் டொலர் அளவில் போய்விடும். 5/4 ஒன்றை வாங்கி ஒரு இலையுதிர் காலமும் ஒரு வசந்தமும் பழகுங்கள். குளிர்காலத்திலும் இறங்கும் ஆசை நிலைத்தால் பிறகு 6/5 வாங்கலாம். அப்போது பழையது நவம்பருக்கும் மே மாதத்துக்கும் உரியதாகிவிடும், வீணாகாது.

ட்ரைசூட் பற்றியும் கேட்பார்கள். கயாக் ஓட்டுகிறவர்களுக்கும் சுழியோடிகளுக்கும் அது நல்லது: கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் அடைப்பு, நீரே உள்ளே வராது, உள்ளே கம்பளி போட்டுக்கொள்ளலாம். அலைச்சறுக்கில் தொளதொளவென்று நீரை இழுக்கும், பலகையில் குப்புறப் படுத்துக் கையால் நீரை வலிப்பது கடினம், எங்காவது கிழிந்தால் முழுவதும் நீர் நிரம்பும். இதற்கு அதை எடுக்காதீர்கள்.

தடிப்பைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது தையல். விலை குறைந்த வெட்சூட்களில் நூல் துணியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை துளைத்துப் போகும் ஃபிளாட்லொக் தையல் இருக்கும்; ஒவ்வொரு துளையிலும் நீர் கசியும். கோடைக்கு அது போதும். குளிர்நீருக்கு, விளிம்புகளை முதலில் ஒட்டி, மறுபக்கம் துளைக்காமல் மேலோட்டமாகத் தைத்த பிளைண்ட்ஸ்டிச் தையலாவது வேண்டும். அதன் மேல் உள்ளே பட்டியோ திரவ ரப்பரோ பூசியிருந்தால் இன்னும் நல்லது. ஒட்டித் தைத்துப் பூசிய 5/4 ஒன்று, ஃபிளாட்லொக் தையல் போட்ட 6/5 ஐவிடச் சூடாக இருக்கும். ஜிப் நெஞ்சில் இருப்பதைத் தெரிவுசெய்யுங்கள். முதுகு ஜிப் கழற்றிப் போட இலகு, ஆனால் அலை தலைக்கு மேல் உடையும்போது அந்த நீள ஜிப் வழியே நீர் முதுகெலும்போடு இறங்கும்.

மேற்பரப்பைப் பற்றி ஏரிக்காரர்கள் கடல்காரர்களைவிட அதிகம் யோசிக்க வேண்டும். அலை இருக்கிற நாளெல்லாம் இங்கே காற்றும் இருக்கிறது. அலைக்காகக் காத்துப் பலகையில் உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சும் முதுகும் நீருக்கு வெளியே, 40 கிலோமீற்றர் வேகக் காற்றில் இருக்கும். துணி போர்த்திய வெட்சூட் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். நெஞ்சிலும் முதுகிலும் வழுவழுப்பான ரப்பர் மேற்பரப்பு உள்ளதில் நீர் வழிந்து ஓடிவிடும், காற்றுக் குளிர் நன்றாகக் குறையும். அது நகம் பட்டாலே கிழியும் என்பது உண்மை, போடும்போதும் கழற்றும்போதும் நிதானம் வேண்டும். அப்படியிருந்தும் ஏரிக்கு அதையே சொல்வேன். கைகால்களில் துணி, நெஞ்சில் ரப்பர் என்று கலந்து வருவதும் உண்டு, அதுவே பெரும்பாலானவர்களுக்குப் பொருத்தம்.

தலை, கை, கால் இந்த மூன்றுக்கும் காசை மிச்சம் வைக்காமல் வெட்சூட் வாங்கிவிடுவது பரவலாக நடக்கிறது. நீரை விட்டு எப்போது வெளியேற வேண்டும் என்பதை உடம்பைவிட விரல்கள்தான் முதலில் சொல்லும். 10 பாகைக்குக் கீழே 5 மில்லிமீற்றர் கையுறை. 5 பாகைக்குக் கீழே விரல்கள் பிரியாமல் ஒன்றாக இருக்கும் 7 மில்லிமீற்றர் மிட்டன். விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் மிட்டன் எப்போதும் சூடு, ஆனால் பலகையின் விளிம்பைப் பிடிப்பது கடினம். மூன்று பிரிவாக நண்டுக் கொடுக்கு வடிவில் வரும் கையுறை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பூட்ஸில் பெருவிரல் பிரிந்தது பலகையில் நல்ல பிடிப்பைத் தரும், விரல்கள் சேர்ந்தது சூடாக இருக்கும். பனிக்காலத்துக்குச் சேர்ந்தது, 7 மில்லிமீற்றர். தலையுறை வெட்சூட்டோடு சேர்ந்தே இருந்தால் கழுத்து வழியாக நீர் வராது. அது காதையும் காக்கிறது. குளிர்நீரும் காற்றும் வருடக்கணக்கில் பட்டுக்கொண்டே இருந்தால் காதுத் துவாரத்துக்குள் எலும்பு வளர்ந்து வழியை அடைக்கும். முற்றிவிட்டால் சத்திரசிகிச்சைதான். காதடைப்பானும் போட்டுக்கொள்ளுங்கள், விலை அற்பம்.

அளவு விஷயத்தில் கடைக்குப் போய்ப் போட்டுப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. அக்குள், முதுகின் கீழ் வளைவு, தொடைகள் சேரும் இடம் ஆகிய மூன்றிலும் காற்றுப் பை விழக்கூடாது. அங்கே இடைவெளி இருந்தால் நீர் போய்வந்துகொண்டிருக்கும். கையை மேலே தூக்கி, நீரை வலிப்பதுபோல் சுழற்றிப் பாருங்கள். புதியது கடையில் சற்று இறுக்கமாகவே தோன்ற வேண்டும், நனைந்ததும் கொஞ்சம் தளரும். உயரம் குறைந்தவர்களுக்கும் கூடியவர்களுக்கும் எம்எஸ் (MS), எம்ரி (MT) போன்ற இடை அளவுகளைப் பல நிறுவனங்கள் செய்கின்றன. நண்பருக்குச் சரியாக இருந்த அளவை இணையத்தில் உங்களுக்கும் வாங்கிவிடாதீர்கள்.

நன்னீரின் மிதப்பு கடல்நீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் குறைவு. தடித்த நியோபிரீன் அதைக் கொஞ்சம் ஈடுசெய்யும், ஆனால் நனைந்த பிறகு அதன் எடை தோளில் ஏறும். கடலில் ஓட்டிய பலகையைவிடச் சில லீற்றர் கூடுதல் கொள்ளளவுள்ள பலகை இங்கே வசதி.

சுப்பீரியர் ஏரிப் பக்கம், மினசோட்டாவின் டுலூத் அருகே ஸ்டோனி பொயின்ற் மாதிரியான இடங்களுக்குப் போகிறவர்கள் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரு படி தடிப்பாக்கிக்கொள்ளுங்கள். அங்கே கோடையிலும் 4/3 தேவைப்படும். மிச்சிகன் ஏரியில் ஷெபொய்கன் பக்கம் ஒன்ராறியோவின் கணக்கே ஓரளவு செல்லும்.

வெட்சூட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் குளிர்நீரின் விதிகள் மாறுவதில்லை. மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லிக்கொடுக்கும் 1-10-1 கணக்கை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பனிபோன்ற நீரில் திடீரென விழுந்தால் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால்கள் உருப்படியாக இயங்கப் பத்து நிமிடம், நினைவு தப்புவதற்கு முன் சுமார் ஒரு மணி நேரம். இது வெட்சூட் இல்லாத உடம்புக்கான கணக்கு. வெட்சூட் கிழிந்தாலோ, கையுறை கழன்று போனாலோ நீங்களும் அதை நோக்கிப் போகத் தொடங்குவீர்கள். குளிர்காலத்தில் தனியாக இறங்க வேண்டாம். கரையோரப் பனித்திட்டின்மேல் ஏறி நடக்கவும் வேண்டாம், கீழே வெறும் பொந்தாக இருக்கும்.

பழைய வெட்சூட் வாங்குவதில் தவறில்லை, ஆனால் நியோபிரீன் வயதாகும். விரல்களுக்கிடையே அழுத்திவிட்டு விடுங்கள். உடனே மீளாமல் சப்பையாகக் கிடந்தால் குமிழிகள் போய்விட்டன, அது தடிப்பில் 5 என்றாலும் சூட்டில் 3தான். உட்பக்கத் தையல் பட்டிகள் உரிகின்றனவா என்று வெளியே திருப்பிப் பாருங்கள். புதிதில் தலையுறையோடு வரும் 5/4 கனேடிய விலையில் சுமார் 400 முதல் 600 டொலர். வசந்தத்தில் பனிக்காலச் சரக்கைக் கழித்துவிடுவார்கள், அப்போது வாங்குவது இலாபம். ஆனால் அதுவரை இரவல் கையுறையோடு சமாளிக்கப் பார்க்காதீர்கள், கையுறையையும் பூட்ஸையும் இலையுதிர் காலத்திலேயே வாங்கிவிடுங்கள்.

உப்பில்லாத நீர்தானே என்று கழுவாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரொறன்ரோவின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போவதால், கனமழையில் அது வழிந்து ஏரிக்குள் வரும். அதனால்தான் மழைக்குப் பிறகு இரண்டு நாள் ஏரியில் இறங்க வேண்டாம் என்று சொல்கிறார்கள். கிழக்குக் காற்று மழையையும் அலையையும் சேர்த்தே கொண்டுவருவதால் இந்த அறிவுரையைக் கடைப்பிடிப்பது கடினம், ஆனாலும் வாயில் நீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காயம் இருந்தால் இறங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான நீரில் அலசி, உட்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, இடுப்பில் மடித்துத் தொங்க விடுங்கள். ஹீற்றர் மேல் போட்டால் ரப்பரில் வெடிப்பு விழும்.

அன்றன்றைய நீர் வெப்பநிலையை அமெரிக்கப் பேரேரிகள் ஆய்வுகூடம் செய்மதி வரைபடமாக நாள்தோறும் வெளியிடுகிறது. மிதவைகளில் பெரும்பாலானவற்றைப் பனிக்காலத்துக்கு முன்பே தூக்கிவிடுவார்கள் என்பதால் ஜனவரியில் அவற்றை எதிர்பார்க்க முடியாது. மேற்குக் காற்றுக்கு மறுநாள் செய்மதிப் படமும் கரையோரத்தைச் சரியாகக் காட்டாமல் போகலாம். ஒரு சின்ன நீர் வெப்பமானியைக் காரிலேயே வைத்துக்கொண்டு, வெட்சூட்டை மாட்டுவதற்கு முன் கரையில் அளந்து பாருங்கள்.